பயறு முளைக்காத தை மாதம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று இவர் சொல்லுவார். கல்யாணம் கட்டிய புதிதில் சிரித்துக்கொண்டு சொன்னார். ரொறன்ரோவுக்கு வந்தபிறகு சிரிக்காமல் சொன்னார். தொண்ணூறுகளின் நடுவில் ரூஜ் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் நாங்கள் இருவரும் ஏழு வயது மகளும் குடியிருந்தோம். அந்தப் பேஸ்மென்றில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கோபம் வராமல் யாராவது இருந்து காட்டினால் அவருக்கு நானே மாலை வாங்கிப் போடுவேன்.

வீட்டுக்காரர்கள் எங்கள் ஆட்கள்தான். எங்களுக்கு முதலே வந்து, பாடுபட்டு, புதிதாகக் கட்டிய வீடொன்றை வாங்கியிருந்தார்கள். மேலே அவர்கள், கீழே நாங்கள். வீட்டைச் சூடாக்குகிற ஹீற்றைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி மேலே அவர்களுடைய சுவரில் இருந்தது. காலையில் வேலைக்குப் போகும்போது அந்த அண்ணை அதைக் குறைத்துவிட்டுப் போவார், பின்னேரம் வந்துதான் கூட்டுவார். இடையில் கீழே இருக்கிற சீவன்கள் விறைத்துப் போகுமே என்ற யோசனை அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு யன்னல். அதுவும் கூரையோடு ஒட்டி, இரண்டு முழ அகலத்தில். ஸ்னோ கொட்டினால் அதுவும் மூடிவிடும்.

ஹீற் கீழே வருகிறதோ இல்லையோ, எங்கள் சத்தம் மட்டும் ஹீற் குழாய் வழியே ஒழுங்காக மேலே போய்விடும். போனதும் அண்ணையின் மனுசி, அந்த அக்கா, குதிக்காலால் நிலத்தில் மூன்று தரம் இடிப்பார். டக், டக், டக். எங்களுக்கு அது தலைக்கு மேலே கேட்கும். மகள் பாட்டுப் பாடினால் மூன்று இடி. ஓடினால் மூன்று இடி. மேலே அவர்கள் கதிரை இழுப்பதையும் ஆட்கள் வந்து கூடிச் சிரிப்பதையும் நாங்கள் எதைக்கொண்டு இடித்து நிறுத்துவது? பிள்ளை உள்ள குடும்பத்துக்கு பேஸ்மென்ற் தருகிறவர்கள் குறைவு என்பதால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மகளிடம் மட்டும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னேன், சத்தம் போடாதே, மெல்லக் கதை, வாயை வைத்துக்கொண்டு இரு என்று.

இவர் விடியமுன்னரே பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸ் வேலைக்கு இன்னொருவருடைய காரில் தொற்றிக்கொண்டு போய் இருட்டியபிறகு வருவார். நான் காலையில் ஒரு பேக்கரியில் பாண் பொதிசெய்துவிட்டு, மகள் பள்ளிக்கூடத்தால் வரமுன் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆகவே பள்ளிக்கூடத்து வழக்குகள் எல்லாம் என் தலையில்தான்.

வழக்கு என்னவென்றால், மகள் அங்கே வாய் திறப்பதில்லை. இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருடம். எழுதுவாள், கணக்குச் செய்வாள், சொல்வது எல்லாம் அவளுக்கு விளங்கும். ஆனால் கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். மார்கழி பிறக்க முன்னர் ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். மொழிபெயர்க்க ஒரு தமிழ் அன்ரியையும் பள்ளிக்கூடமே ஒழுங்குசெய்திருந்தது. மார்ச் லீவுக்கு முன்னர் பிள்ளை கதைக்கத் தொடங்காவிட்டால், பேச்சில் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான வகுப்புக்கு, வேறொரு பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். எனக்கு உச்சந்தலை கொதித்தது. என் பிள்ளைக்கு என்ன குறைபாடு? வீட்டில் என் காதுக்குள் குசுகுசு என்று ஓயாமல் கதைக்கிறவள் அவள்! அதை அப்படியே சொன்னேன். அன்ரி எதைச் சொன்னாரோ தெரியாது, ரீச்சர் தலையை ஆட்டிவிட்டு ஏதோ எழுதினார்.

அன்றிலிருந்து மகளைப் பிய்த்து எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் வாய்க்குள் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய் என்று கேட்பேன். அவள் சப்பாத்து நுனியைப் பார்ப்பாள். அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் கூட்டியது.

தைப்பொங்கல் முடிந்த கிழமை, மகள் வெள்ளை நுரைபோன்ற ஒரு ரெஜிபோம் கப்பையும் ஒரு கடிதத்தையும் கொண்டுவந்தாள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் சாப்பிடுகிற ஏதாவதொன்றின் விதையைக் கப்பில் போட்டு வீட்டுக்குள்ளேயே வளர்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கப்பைப் பார்த்துப் படம் கீற வேண்டும். இரண்டு கிழமை கழித்து வெள்ளிக்கிழமை அதை வகுப்புக்குக் கொண்டுவந்து முன்னால் நின்று அதைப் பற்றிக் கதைக்க வேண்டும். கடிதத்தின் அடியில் ரீச்சர் பேனையால் தனியாக இரண்டு வரி எழுதியிருந்தார். மகளுக்கு இது நல்ல சந்தர்ப்பம் என்பதுதான் அதன் சாரம். எனக்கு விளங்கிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை அவள் கதைத்தால் இந்த வகுப்பு, கதைக்காவிட்டால் பஸ். கையில் நாலு இலையோடு ஒரு கன்று இருந்தால் எந்தப் பிள்ளையும் அதைக் காட்டி நாலு சொல்லுச் சொல்லும். வெறும் மண்ணை வைத்துக்கொண்டு யார் கதைப்பார்கள்? எனவே எந்த விதை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று முடிவுசெய்தேன்.

அடுத்த நாள் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்திலிருந்த வன்சாமான் கடைக்கு, வாசலில் ஸ்னோ உருகப் போடுகிற உப்பு வாங்கப் போனோம். வெளியே முழங்கால் அளவுக்கு ஸ்னோ, உள்ளே அதற்குள் விதைப் பைக்கற்றுகளைத் தட்டு நிறைய அடுக்கி வைத்துவிட்டார்கள். மகள் அதன் முன்னால் நின்றுவிட்டாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தாள், திரும்பப் பார்த்தாள், வைத்தாள். கடைசியில் சின்னச் சின்னத் தக்காளிப் படம் போட்ட ஒன்றைத் தெரிந்தெடுத்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள். அது வீட்டுக்குள் சின்னச் சாடியிலும் வளருமாம் என்று என் காதுக்குள் சொன்னாள்.

நான் அதை வாங்கித் திருப்பி வைத்தேன். ஏன் என்று இன்றைக்கும் என்னையே கேட்கிறேன். எங்கள் நாட்டில் நான் விவசாயக் கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தவள். எத்தனை மணித்தியாலம் ஊறவிடுவது, எத்தனை நாளில் முளை வரும் என்று கமக்காரருக்குக் கொடுக்கிற துண்டுப்பிரசுரங்களை ஆயிரக்கணக்கில் அடித்த விரல்கள் இவை. எனக்கு ஒரு படம் போட்ட பைக்கற்று விதை சொல்லித் தருவதா? தக்காளி ஆடி அசைந்துதான் வரும், இரண்டு கிழமை அதற்குக் காணாது. பயறு என்றால் இரவு ஊறப்போட்டால் மறுநாள் முளை, நாலாம் நாள் இலை. அதைத்தான் நாங்கள் சாப்பிடுகிறோம், அதுதான் வீட்டிலும் இருக்கிறது. மகள் வெறுங்கையோடு என் பின்னால் வந்தாள்.

அன்று பின்னேரமே காரியத்தில் இறங்கினேன். பொங்கல் சாமான்கள் இன்னும் அலுமாரியில் ஏறாமல் மேசையில் கிடந்தன. அதற்குள் இருந்த பயற்றுப் போத்தலைத் திறந்து ஒரு பிடி உள்ளங்கையில் கொட்டினேன். எனக்கு அந்தக் கிழமை முழுக்கத் தடிமன். மூக்கு அடைத்து, கண்ணால் தண்ணீர் ஓடி, தலை பாறாங்கல்லாய்க் கிடந்தது. மகள் கிட்ட வந்து கையைப் பார்த்தாள். ஒரு பயறை எடுத்து முகர்ந்தாள்.

"அம்மா, உந்தப் பயறு..." என்று வழமையைவிடக் கொஞ்சம் உரக்கத் தொடங்கினாள்.

மேலே டக், டக், டக்.

"வாயை மூடு பிள்ளை," என்றேன். "ஒரு சொல்லுக் கதைக்கப்படாது. நான் சொல்லுறதை மட்டும் செய்."

அவள் வாயை மூடினாள். நான் சொன்னதை மட்டும் செய்தாள். பயறை ஊறப்போட்டாள், அடுத்த நாள் கப்பில் மண் நிரப்பி ஐந்தை ஊன்றினாள், தண்ணீர் தெளித்தாள். கொப்பியில் முதலாவது படத்தைக் கீறினாள்.

மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் ஒன்றும் இல்லை. தோண்டிப் பார்த்தால் பயறு ஊதிப்போய், கையில் பிசுபிசு என்று ஒட்டியது. அழுகிவிட்டது. குளிர்தான் காரணம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போத்தலில் இருந்து இன்னொரு பத்தை ஊறவைத்துப் போட்டேன். கப்பைக் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைத்தேன், பிறகு ஹீற் வருகிற ஓட்டைக்கு மேலே, பிறகு மேசை விளக்கின் கீழே. கோழி அடைக்கு வைத்ததுபோலத் துவாயால் சுற்றியும் பார்த்தேன். அதுவும் அழுகியது. மூன்றாம் தரமும் போட்டேன். ஒவ்வொரு தரமும் மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் நான் மேலே ஏறிப் போனேன். கதவைத் திறந்த அண்ணை ஸ்வெற்றர்கூடப் போடாமல் மெல்லிய சேட்டோடு நின்றார். அவருக்குப் பின்னால் யன்னலோரம் ஒரு சட்டியில் கற்பூரவள்ளி தளதள என்று நின்றது. அதைக் கண்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. உங்கள் ஹீற்றால் என் பிள்ளையின் படிப்பு அழுகுகிறது என்றேன். அவர் முதலில் சிரித்தார். பயறு முளைக்கவில்லை என்று சண்டைக்கு வருகிற ஆளை அவர் அதற்குமுன் கண்டிருக்க மாட்டார்.

"தங்கச்சி, ஹீற் வீடு முழுக்க ஒண்டுதான் போகுது," என்றார். "விருப்பமில்லாட்டி வேறை இடம் பாருங்கோ."

உள்ளேயிருந்து அக்காவும் சேர்ந்துகொண்டார். எங்கள் பிள்ளையின் சத்தத்தால் தனக்கு ஒரு நாளும் நிம்மதி இல்லையாம். என் பிள்ளையின் சத்தமா? பூனை நடப்பதுபோல நடக்கிற பிள்ளையின் சத்தமா? நான் எதையெல்லாமோ சொன்னேன். அதில் பாதி பயற்றைப் பற்றியதே அல்ல. பிறகு கீழே இறங்கி வந்தேன். மகள் படிக்கட்டின் அடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னவோ சொல்ல வந்தவள்போல என் முகத்தைப் பார்த்தாள். நான் இருந்த இருப்பில் அவளுக்கும் ஏச்சு விழுந்தது.

அந்தக் கோபத்தோடு அவளுடைய கொப்பியை இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் அதே கப். மண் மட்டம் ஒரு கோடு, மேலே ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கப்பின் கீழும் 'இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல். மற்றப் பிள்ளைகளானால் வருமென்று நினைத்து ஒரு பச்சைப் புள்ளியாவது வைத்திருப்பார்கள். ஏன் எல்லாம் ஒரே படம், உனக்கு ஆசையே இல்லையா என்று கத்தினேன். கத்தினேன் என்றால், மேலே கேளாத அளவுக்கு, பல்லுக்குள்ளால் கத்தினேன். அந்த வித்தை எனக்கு நன்றாக வரும்.

வெள்ளிக்கிழமை வெறும் மண் கப்பைப் பொலித்தீன் பையில் சுற்றி அவளிடம் கொடுத்துவிட்டேன். கதவைச் சாத்தியதும் அழுதேன். கவலையிலா ஆத்திரத்திலா என்று கேட்டால் ஆத்திரத்தில்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது, பின்னேரம் வரச் சொல்லி. நான் போருக்குப் போகிறவள்போலப் போனேன். ஆங்கிலத்தில் நாலு வசனங்களைப் பாடமாக்கி வைத்திருந்தேன். பேஸ்மென்றின் குளிரைப் பற்றி ஒன்று, என் பிள்ளைக்குக் குறைபாடு இல்லை என்று ஒன்று, பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று இரண்டு. ரீச்சரும் மொழிபெயர்க்கிற அன்ரியும் சின்னக் கதிரைகளில் இருந்தார்கள். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் முதலாவது வசனத்தை எடுத்துவிட்டேன். ரீச்சர் கையைக் காட்டி நிற்பாட்டினார்.

மகள் வெள்ளிக்கிழமை கதைத்தாளாம். ஒரு சொல் இரண்டு சொல் அல்ல, பத்து நிமிடம் விடாமல். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம், அவளும் சேர்ந்து சிரித்தாளாம். இனி வேறு வகுப்பு என்ற பேச்சே இல்லையாம். என் நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கியது. வெறும் மண்ணை வைத்துக்கொண்டு என்னதான் கதைத்தாள் என்று அன்ரியைக் கேட்டேன்.

"இது முளைக்காது, பயறை அம்மா பொங்கலுக்கு வறுத்துப்போட்டா எண்டு சொன்னவவாம்," என்றார் அன்ரி. அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. எங்கள் பக்கத்தில் பொங்கலுக்குப் பயறைப் பச்சையாகப் போடுவதில்லை. முழுப்பயறை இளஞ்சூட்டில் வறுத்து, உடைத்து, கோது போக்கித்தான் போடுவோம். அந்தமுறை நான் போத்தல் பயறு முழுவதையும் வறுத்தேன். உடைக்க பிளெண்டரில் போட்டேன். முதல் சுற்றிலேயே அது போட்ட கூச்சலுக்கு மேலே மூன்று இடி விழுந்தது. உடைந்த அளவு பொங்கலுக்குக் காணும் என்று நிற்பாட்டி, உடைக்காத மிச்சத்தை அதே போத்தலில் திரும்பக் கொட்டினேன். இளவறுவல் என்றபடியால் நிறமும் பெரிதாக மாறவில்லை. அடைத்த மூக்குக்கு மணமும் தெரியவில்லை. ஆயிரம் துண்டுப்பிரசுரம் அடித்தவள் வறுத்த பயறை மூன்று தரம் நட்டு, துவாய் சுற்றி, அதற்காக ஊரோடு சண்டையும் பிடித்திருக்கிறேன்.

முதலில் வந்தது வெட்கம் அல்ல, கோபம்தான். வகுப்பு முழுக்கப் பிள்ளைகளுக்கு முன்னால் என் முட்டாள்தனத்தை மேடையேற்றிவிட்டாளே என்று. தெரிந்தும் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லையே என்று. அந்த நினைப்பு முடியமுன்னரே அன்ரி இன்னொன்றைச் சொன்னார். அதை அவர் ஒரு சின்ன விசயமாகத்தான் சொன்னார்.

"தொடங்க முதல் ரீச்சரைக் கேட்டவவாம், இஞ்சை சத்தமாக் கதைக்கலாமோ எண்டு."

நான் எழுந்து, நன்றி சொன்னேனா இல்லையா என்று நினைவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

மகள் வாசலில் கோட்டுப் போட்டுக்கொண்டு, அந்த மண் கப்போடு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் ஒரு அடி பின்னுக்குப் போனாள். நான் அடிக்கிறவள் அல்ல. ஆனாலும் பின்னுக்குப் போனாள். கொஞ்சத் தூரம் ஸ்னோவுக்குள் நடந்தோம். பிறகு கேட்டேன், தெரிந்தால் ஏன் பிள்ளை எனக்குச் சொல்லவில்லை என்று.

"சொன்னனான். நீங்கள் வாயை மூடு எண்டனீங்கள்," என்றாள். குறை சொல்கிற குரல்கூட இல்லை. இன்று திங்கட்கிழமை என்பதுபோலச் சொன்னாள். அதற்குப் பிறகு ஏன் ஒவ்வொரு நாளும் தண்ணீர் விட்டாய் என்று கேட்டேன். நீங்கள்தானே விடச் சொன்னீர்கள் என்றாள்.

அந்த வகுப்புக்கு, ரீச்சருக்கு, அண்ணைக்கு, அக்காவின் குதிக்காலுக்கு, இந்தக் குளிருக்கு என்று நான் பங்கிட்டு வைத்திருந்த கோபம் எல்லாம் திரும்பி என் வாசலுக்கே வந்து நின்றது. மேலே இருந்து மூன்று தரம் இடித்தது அக்காதான். ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தப் பிள்ளையின் வாயைப் பொத்தியது யார்? அதைப் பொத்திவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஏன் திறக்கவில்லை என்று பிய்த்து எடுத்ததும் நான்தான். எனக்கு என் மேல் வந்த கோபம்போல வேறு யார் மேலும் அதற்குமுன் வந்ததில்லை.

பஸ் தரிப்பிடத்தில் நிற்காமல் அவளைக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். நீயே எடு என்றேன். அவள் நம்பவில்லை. மறுபடியும் சொன்னேன். ஒவ்வொரு பைக்கற்றாக எடுத்து, பின்பக்கம் வாசித்து, திரும்ப வைத்து, அரை மணித்தியாலம் எடுத்தாள். பஸ் இரண்டு போய்விட்டது. நான் வாய் திறக்கவில்லை, அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் அதே தக்காளியைத்தான் எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புது மண் நிரப்பினோம். எத்தனை அங்குல ஆழம், எவ்வளவு தண்ணீர் என்று வாசித்துச் சொல்லச் சொன்னேன். வழமைபோல என் காதுக்குள் வாசித்தாள். எனக்குக் கேட்கவில்லை, சத்தமாக வாசி என்றேன். அவள் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். வாசி என்றேன். வாசித்தாள். ரீச்சருடைய ஆங்கிலம், கணீரென்ற குரல். என் பிள்ளைக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

டக், டக், டக்.

பாதிச் சொல்லில் அவளுடைய வாய் மூடிக்கொண்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, தானாகவே மூடியது. அதை நான் கிட்ட நின்று பார்த்தேன்.

மூலையில் சாத்தியிருந்த, நிலம் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்தேன். தலைகீழாகத் திருப்பி, கூரையில் இடித்தேன். மூன்று அல்ல, எத்தனை என்று தெரியாது, கை வலிக்கும்வரை இடித்தேன். வெள்ளைத் துகள்கள் உதிர்ந்து கப்பு மண்ணில் விழுந்தன. மாத முடிவுக்குள் எங்களை வீட்டைவிட்டு எழும்பச் சொல்லப் போகிறார்கள் என்று இடிக்கும்போதே எனக்குத் தெரியும். பிறகு சொன்னார்கள்தான். ஆனால் அந்த நேரம் மேலே யாரும் அசையவில்லை. தடியைக் கீழே வைக்காமல் மகள் பக்கம் திரும்பினேன்.

"முதல்ல இருந்து வாசி," என்றேன்.